வெயில் அறை

"இடுப்பைப் பிடிச்சுக்கோ. மூணு சொன்னதும் உருட்டு," என்றாள் அம்மா.

மகள் கட்டிலின் இந்தப் பக்கம் நின்று ஒரு கையை அப்பாவின் தோளுக்கடியிலும் இன்னொன்றை இடுப்புக்கடியிலும் நுழைத்தாள். மூன்று என்றதும் அவர் அவள் பக்கமாகப் புரண்டு வந்தார். நாற்பது வருஷம் லிஃப்ட் குழிகளுக்குள் இறங்கி ஏறிய உடம்பு. மற்றவர்கள் இரண்டு பேராகத் தூக்கும் எடைக்கட்டையை ஒற்றை ஆளாக நகர்த்துவார் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். இப்போது நனைந்த கம்பளிக் கோட்டைப் புரட்டுவதுபோல்தான் இருந்தது. அம்மா ஈர விரிப்பை அவர் முதுகோடு சுருட்டி வைத்து, உலர்ந்ததை அந்தப் பாதியில் விரித்து, சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாள்.

அப்பாவின் முகம் அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. உதடுகள் வெடித்திருந்தன. இரண்டு நாளாக முனகல் தவிர ஒன்றும் பேசாதவர், கண்ணைத் திறந்து தெளிவாகவே கேட்டார்.

"காய்ச்சிருக்கா?"

கேட்டது அவளைப் பார்த்து. பதில் அவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"இல்ல," என்றாள் அம்மா. "இப்ப இந்தப் பக்கம். மூணு."

அவர் புரண்டு அம்மாவின் பக்கம் போனார். அவளுக்கு இப்போது அவருடைய பின்னந்தலை மட்டும் தெரிந்தது. தலையணையில் உராய்ந்து உராய்ந்து அங்கே முடி போயிருந்தது.

"மறுபடியுமா?" என்றார் அப்பா.

அம்மா விரிப்பின் முனைகளை மெத்தைக்கடியில் செருகினாள். மகள் ஈர விரிப்பை அள்ளிக்கொண்டு குளியலறைக்குப் போய், சலவை இயந்திரத்தின் கதவைச் சாத்தி, அதன்மேல் கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் நின்றாள். அந்த 'மறுபடியுமா' தனக்குச் சொல்லப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் மாடியிலிருந்த அந்த வீட்டில் வெயில் வரும் அறை ஒன்றே ஒன்றுதான். ஒரு காலத்தில் அது அவளுடைய அறை. கல்யாணமாகிப் போன மூன்றாம் மாதம் அவளுடைய கட்டிலைப் பிரித்து, அந்தப் பலகைகளை அறுத்து அப்பா ஒரு மேடை செய்தார். மேடைமேல் ஒரு தொட்டி. தொட்டியில் ஒரு அடி உயரச் செடி.

செடி வந்த கதையை அப்பா யாரிடமும் சுருக்கமாகச் சொன்னதில்லை. ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு வயதான மனிதர், முன்பு கப்பலில் சமையல்காரராக இருந்தவர். கதவைக் கையகலம் நெம்பித் திறந்ததும், இவர் தைரியம் சொல்வதற்கு முன்னால் அந்த இடுக்கு வழியாக ஒரு கை வெளியே வந்தது. உள்ளங்கையில் கறுப்பாக, கோலிக்குண்டு அளவில் இரண்டு பழங்கள். "நீங்க பதட்டப்படாம வேலையைப் பாருங்க. இதைச் சாப்பிட்டுக்கிட்டே பாருங்க," என்றாராம் அவர். மாட்டிக்கொண்டவர் தனக்குத் தைரியம் சொன்னதும், அந்தப் பழம் வாயில் வெடித்ததும் அப்பாவால் மறக்க முடியவில்லை. பெயர் ஜபோட்டிகாபா என்று அந்த மனிதர் சொல்ல, அப்பா அதைத் தன் வேலைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கண்ணாடி அடைத்த பால்கனியில் தொட்டியில் வளர்க்கிறேன், பறித்து மூன்று நாளைக்கு மேல் தாங்காது, அதனால்தான் எந்தக் கடையிலும் பார்த்திருக்க மாட்டீர்கள் என்றாராம். அப்பா ஆறு மாதம் கழித்து அந்தக் கட்டடத்துக்குப் போனபோது அந்த மனிதர் இறந்திருந்தார். பால்கனியைக் காலி செய்து சோபா போட்டிருந்தார்கள்.

பிறகு இரண்டு வருஷம் தேடினார். ஞாயிற்றுக்கிழமைகளில் நர்சரி நர்சரியாக ஏறி இறங்கினார். ஒருவன் அதேதான் என்று கொடுத்த கன்று வளர்ந்து சாதாரண நாவல் மரமாகிவிட்டது. கடைசியில் ஒரு தாவர ஆராய்ச்சிக்கூடத்தில் லிஃப்ட் பழுது பார்க்கப் போனபோது, அங்கிருந்த தோட்டக்காரர் ஒரு கன்றைக் காலி மருந்து டப்பாவில் வைத்துக் கொடுத்தார். காய்க்கப் பத்து வருஷமாகும், பரவாயில்லையா என்று அவர் கேட்டபோது அப்பா பரவாயில்லை என்றார். வீட்டில் யாரையும் கேட்கவில்லை.

குழாய்த் தண்ணீர் ஊற்றினால் இலை நுனி கருகும். அதனால் மொட்டை மாடியில் மழைத்தண்ணீர் பிடித்து வாளி வாளியாகக் கீழே கொண்டுவந்தார். காற்று உலரக்கூடாது என்று அறையில் ஈரத் துண்டுகளைக் கொடிகட்டித் தொங்கவிட்டார். குளிர் மாதங்களில் வீட்டிலிருந்த ஒரே ஹீட்டர் அந்த அறையில்தான் எரிந்தது. அம்மா கூடத்தில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து டிவி பார்ப்பாள். மரத்தின் பெயரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. "உங்கப்பாவுக்குச் சின்ன வீடு இருக்குன்னு ஊர்ல யார்கிட்டயும் சொல்ல முடியல. பெரிய வீட்டுக்குள்ளயே இல்ல வச்சிருக்காரு," என்பாள். அப்பா அதற்கும் சிரிப்பார்.

ஆறு வருஷத்துக்கு முன் அவள் இரண்டு பெட்டிகளோடு திரும்பி வந்தாள். அப்பாதான் கதவைத் திறந்தார். பெட்டிகளை வாங்கி உள்ளே வைத்தார். அவளுடைய புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு அவள் நன்றியாகத்தான் இருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் அவர் சொன்னார்:

"அதை இப்ப நகர்த்த முடியாது பாப்பா. இடம் மாறினா இலையெல்லாம் கொட்டிரும். மறுபடி முதல்ல இருந்து." கொஞ்சம் பொறுத்து, "நீ எத்தனை நாள் இருப்ப?"

"தெரியலப்பா."

"சோபாவை நீட்டிப் போட்டா மெத்தை மாதிரிதான்," என்றார்.

அவள் ஒரு பல் லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளில் சாந்து ஊற்றி, மெழுகில் பல் செதுக்குகிற வேலை. நாள் முழுக்கக் குனிந்து, ராத்திரி சோபாவின் நடு இரும்பில் முதுகு இடிக்கப் படுப்பாள். வெயில் அறையின் கதவிடுக்கில் மரத்துக்கான விளக்கு வெளிச்சம் கோடாகத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மா அவரோடு அங்கேயே இருந்தாள். மரம் அவள் பொறுப்பில் வந்தது. ஆறாம் நாள் காலை அவரைப் பார்க்கப் போனபோது, ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "குழாய்த் தண்ணி ஊத்திடலையே?" என்பது. இல்லை என்றாள். அவர் திருப்தியாக முகமூடியைப் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மரத்துக்கு ஊற்றும்போதுதான் பார்த்தாள். அவள் உயரத்துக்கு வளர்ந்திருந்த தண்டில், பட்டையைப் பிளந்துகொண்டு, கடுகளவில் வெள்ளை மொட்டுகள். சில விரிந்து பவுடர் போடும் பஞ்சு போல இருந்தன. தோலிலேயே பூக்கும், தோலிலேயே காய்க்கும் என்று அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொல்லியிருக்கலாம். அவள் செல்போனைக்கூட எடுத்துவிட்டாள். பிறகு அதை ஜன்னலில் வைத்துவிட்டு, கட்டைவிரலால் ஒரு மொட்டைத் தேய்த்துப் பார்த்தாள். சுலபமாக வந்தது. அடுத்ததும் வந்தது. பிறகு ஒரு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு, அடியிலிருந்து மேல்வரை, கிளை பிரியும் இடுக்குகளில் மெழுகு சுரண்டும் கத்தியின் நுனியால், வேலையில் எப்படிச் செய்வாளோ அப்படி ஒன்று விடாமல் துடைத்தெடுத்தாள். அரை மணி நேரமானது. எல்லாவற்றையும் அடுக்களைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அழவில்லை. அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள் என்பதுதான் பிற்பாடு அவளுக்கு ஞாபகம் வந்து வந்து உறுத்தியது.

அப்பா வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமலே அந்த அறைக்குள் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. மறுநாள் அறைக்கதவுக்குப் பூட்டு ஒன்று வாங்கிவந்து மாட்டினார். பழுது பார்ப்பவர், கைவிரலில்தான் அவருக்குக் கண். கண்டுபிடித்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்துபோனது. ஆனால் அவர் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. காலையில் லேபுக்குக் கிளம்பும்போது எப்போதும்போல, "போய்ட்டு வா பாப்பா," என்றார். திட்டியிருந்தால் அவளும் திருப்பிச் சொல்லியிருப்பாள். சொல்வதற்கு நிறைய வைத்திருந்தாள்.

நான்கு வாரத்துக்கு முன் அவர் படுத்த படுக்கையானார். வெயில் அறையில் கட்டிலைப் போடலாம் என்று டாக்டர் சொன்னார். "அங்க இடம் இல்ல," என்றார் அப்பா. வாடகைக்கு எடுத்த கட்டிலைக் கூடத்திலேயே போட்டார்கள். சோபா சுவரோரம் நிமிர்ந்து நின்றது. அவள் தரையில் படுத்தாள். அன்று சாயங்காலம் அவர் அவளைக் கூப்பிட்டுத் தலையணைக்கடியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"பாப்பா, இதை நீ வச்சுக்கோ."

குத்திக்காட்டுகிறார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. இனி உன் இஷ்டம், என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்கிறார்.

"அம்மாகிட்ட குடுங்கப்பா. எனக்கு நேரமில்ல."

அவர் சாவியை நீட்டியபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு கை தானாகத் தாழ்ந்தது. அம்மா வந்து எடுத்துத் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அம்மாதான் தண்ணீர் ஊற்றினாள்.

விரிப்பு மாற்றிய அன்றே தம்பி பன்னிரண்டு மணி ரயிலில் வந்தான். வேறு ஊரில் டிரைவிங் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். வந்ததும் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நான்தான். கியர் மாத்தத் தெரியாத உங்க மாணவன்," என்றான். அப்பாவுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. தம்பி எழுந்து அடுக்களைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டான்.

"சாப்பிட்டியா?" என்றாள் அம்மா.

"ரயில்ல ஏதோ சாப்பிட்டேன்."

"ஏதோன்னா?"

"அம்மா, விடு."

அவள் ரொட்டியும் முட்டையும் வைத்தாள். அவன் மேஜையில் உட்கார்ந்து தின்றுகொண்டே மூக்கை உறிஞ்சினான். "என்னக்கா இது, வீட்ல ஒயின் கடை மாதிரி வாடை?"

"மருந்து வாடை," என்றாள் அம்மா.

ஒரு மணிக்கு லேபிலிருந்து போன் வந்தது. அவள் செய்துவைத்த ஒரு மேல்வரிசைப் பல்லின் நிறம் எது என்று கேட்டார்கள். டாக்டரின் சீட்டைக் காணோமாம். அப்பாவின் கட்டிலுக்கு முதுகைக் காட்டி ஜன்னலோரம் நின்று, "மேல முன்பல் ரெண்டும் கொஞ்சம் மஞ்சளா இருக்கணும், கீழ இருக்கிற சொந்தப் பல்லுக்குச் சேரணும்ல. சீட்டு என் டிராயர்ல வலது பக்கம் இருக்கும்," என்றாள். மறுமுனையில் தேடினார்கள். கிடைத்துவிட்டது என்றார்கள். போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது கூடத்தில் ஏதோ ஒரு சத்தம் குறைந்திருந்தது. காலையிலிருந்து இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்த அந்த மூச்சு. தம்பி முட்டையைக் கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தான். குளியலறையில் அம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள். யாருமே பார்க்கவில்லை.

அவள் கட்டிலருகில் போய் அப்பாவின் வாயை மூடப் பார்த்தாள். மூடவில்லை. தாடையை எப்படித் தாங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், தினமும் பிடிக்கிற விஷயம்தான். ஒரு துண்டைச் சுருட்டி முகவாய்க்கடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அம்மாவைக் கூப்பிடு," என்றாள்.

அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள். பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, மேஜைமேல் இருந்த மருந்துப் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து ஒரு பையில் போட ஆரம்பித்தாள்.

டாக்டர் வந்து எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். ஐந்து மணிக்கு அமரர் ஊர்தியோடு இரண்டு பேர் ஸ்ட்ரெச்சர் எடுத்து வந்தார்கள். லிஃப்டுக்குள் இடம் ஒரு அடி போதாமல் ஸ்ட்ரெச்சர் இடித்தது. சாய்த்துப் பார்த்தார்கள்.

"படியிலதான் இறக்கணும். இல்லைன்னா பெல்ட் போட்டு நிக்க வச்சு..." என்றார் அதில் மூத்தவர், சங்கடத்தோடு.

"நிக்க வைக்க வேணாம்," என்றாள் அவள். "பின்பலகை திறக்கும்."

அப்பாவின் கருவிப் பெட்டியிலிருந்து மூன்று முனைச் சாவியைக் கொண்டுவந்து, லிஃப்டின் பின்சுவரில் கைக்கெட்டும் உயரத்திலிருந்த சின்ன ஓட்டையில் விட்டுத் திருப்பினாள். பலகை கதவாகத் திறந்தது. பின்னால் ஒரு அடி ஆழத்துக்கு இருட்டான இடம். இந்தக் கட்டடத்தில் யார் இறந்தாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். "இதைத் திறக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான். அதனால நான் எல்லாருக்கும் கடைசியாத்தான் போகணும்," என்பார். ஊர்திக்காரர்கள் தலைப்பக்கத்தை அந்த இடத்துக்குள் தள்ளினார்கள். சரியாகப் பொருந்தியது.

"இப்படி ஒண்ணு இருக்கிறதே எங்களுக்குத் தெரியாதும்மா," என்றார் மூத்தவர்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குத் தகனக்கூடத்தில் அவர்களுக்கு இருபது நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அவரைப் போல வேலை தெரிந்தவர் இல்லை என்றார்கள். ஒருவர் அவளிடம், "மரம் காய்ச்சுதாம்மா? பாக்கும்போதெல்லாம் அடுத்த வருஷம் உங்களுக்கெல்லாம் தர்றேன்னு சொல்வாரு," என்றார். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

வீடு திரும்பியதும் தம்பி ஷூவைக்கூடக் கழற்றாமல் வெயில் அறையின் முன்னால் நின்றான்.

"இதைத் திறங்க முதல்ல. அக்கா இனிமே தரையில படுக்க வேணாம். மரத்தை அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கே குடுத்துரலாம்."

அம்மா கண்ணாடிக் கூட்டைத் திறந்து சாவியை எடுத்து அவனிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கூடத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

கதவைத் திறந்ததும் புளித்த வாடை முகத்தில் அடித்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே மரத்தின் தண்டு தெரியவில்லை. அடியிலிருந்து கிளை பிரியும்வரை கறுப்பாக, பளபளப்பாக, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு பழங்கள் ஒட்டியிருந்தன. கிளைகளிலும் வரிசை வரிசையாக. பார்ப்பதற்கு அழகாக இல்லை. உடம்பெல்லாம் கொப்புளம் கண்ட மாதிரி இருந்தது. தொட்டி மண்ணிலும் மேடையிலும் தரையிலும் உதிர்ந்து கிடந்தவை வெடித்து நுரைத்திருந்தன.

தம்பி ஒன்றைப் பறித்துச் சட்டையில் துடைத்து வாயில் போட்டான். மென்றான். விதையைத் துப்பினான்.

"நல்லாதான் இருக்கு," என்றான். பிறகு, "இதுக்கா இவ்வளவும்?" என்றான்.

அவள் கூடத்துக்கு வந்தாள். "எத்தனை நாளாம்மா?"

"என்னது?"

"எத்தனை நாளா காய்ச்சிருக்கு?"

அம்மா மடியிலிருந்த கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள், மூடினாள். "பத்து நாள் இருக்கும் கறுத்து. அவரு படுக்கும்போதே மொட்டு இருந்திருக்கும். அதான் கேட்டுக்கிட்டே இருந்தாரு."

"நீ இல்லைன்னு சொன்ன."

"முதல் தடவை கேட்டப்போ அடுப்புல பால் பொங்கி வழிஞ்சுக்கிட்டிருந்துச்சு. இல்லன்னு சொல்லிட்டு ஓடினேன். சத்தியமா வேணும்னு சொல்லல. அணைச்சுட்டு வந்து சொல்லலாம்னுதான் நெனச்சேன்." அம்மா நிறுத்தினாள். "வந்து பாத்தா, என்னைப் பாத்துக்கிட்டே படுத்திருக்காரு. அந்தப் பார்வை. நீதான மறுபடியும் தொடச்சுப் போட்டன்னு கேக்கற பார்வை. அதுக்கப்புறம் எனக்குச் சொல்லத் தோணல. கேக்கக் கேக்க இல்லன்னேன்."

"உன்னை எதுக்கு அப்படிப் பாக்கணும்?" என்றாள் அவள்.

தம்பி அறை வாசலில் வந்து நின்றிருந்தான். அம்மா அவனைப் பார்த்தாள், பிறகு அவளை.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு அடுக்களைத் தொட்டி அடைச்சிருந்துச்சு. நான்தான் குத்தி எடுத்தேன். வெள்ளைப் பஞ்சா வந்துச்சு. எனக்கு என்னன்னு புரியல. அவரு அறைக்குள்ள இருந்து வந்து, யாரு பண்ணினதுன்னு கேட்டப்பதான் புரிஞ்சுது." குரல் மாறாமல் சொன்னாள். "நான்தான்னு சொல்லிட்டேன்."

மகள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். விரிப்பில்லாத மெத்தை சில்லென்றிருந்தது.

"ஏன்?"

"வேற என்ன சொல்றது? நீ எங்க போவ? அவரு ஒரு கோபத்துல வெளிய போன்னு சொல்லிட்டா?" அம்மா எழுந்து திரைச்சீலையை இழுத்துவிட்டாள். "ரெண்டு மாசம் என்கூடப் பேசல. உனக்குத் தெரியாது, நீ காலையில போனா ராத்திரி வருவ. எனக்கு அது ஒண்ணும் புதுசில்ல, எப்பவும் பேசிக் கிழிச்ச மாதிரி. பூட்டும் எனக்காகப் போட்டதுதான்."

"அப்ப அன்னைக்கு எங்கிட்ட சாவியைக் குடுத்தது..."

"உன்னை அவரு சந்தேகப்படவே இல்லடி," என்றாள் அம்மா. "பாப்பா ஒழுங்கா பாத்துக்கும்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. நீ வேணாம்னுட்ட. வேற வழியில்லாம எங்கிட்ட வந்துச்சு."

பக்கத்து வீட்டில் யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி எதையோ கேட்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் ஒரு டீ போடறேன்," என்று அடுக்களைக்குப் போனான். டீயை மூன்று பேரும் குடித்தார்கள். இரண்டு மணி ரயிலுக்கு அவன் கிளம்பியபோது அவள் லிஃப்ட்வரை போய் வழியனுப்பினாள். "அடுத்த வாரம் வர்றேன்க்கா. மரத்தை அப்பப் பேசலாம்," என்றான். கதவு மூடும்வரை அவளைப் பார்க்காமல் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்கு மணிக்குக் கட்டிலை எடுத்துப்போக ஆள் வந்தார். நடுத்தர வயது, நீலச் சட்டை, காதில் பென்சில். யாரோ இறந்த வீடு என்று தெரிந்த பழக்கத்தில் மெதுவாகப் பேசினார். கைப்பிடிகளைக் கழற்றி, மெத்தையைச் சுருட்டிக் கட்டி, கட்டிலின் இரண்டு பாதிகளையும் பிரித்துச் சுவரில் சாய்த்தார். கூடம் திடீரென்று பெரிதாகிவிட்டது.

அம்மா வெயில் அறைக்குள்ளிருந்து வந்தாள். கையில் ஒரு கிண்ணம் நிறையக் கறுப்புப் பழம், கழுவிய ஈரத்தோடு.

"சாப்பிடுறீங்களா?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்தார். "என்ன பழம் இது? நான் பாத்ததே இல்லையே."

"ஏதோ பழம். வீட்ல காய்ச்சது."

கடித்ததும் தோல் வெடித்த சத்தம் கேட்டது. அவர் புருவத்தை உயர்த்தினார். அம்மா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்படி இருக்கு? சொல்லுங்க."

"திராட்சை மாதிரி... இல்ல, அந்த மாதிரி இல்ல. முதல்ல இனிப்பா இருக்கு, தோலைக் கடிச்சா புளிக்குது. நல்லாருக்கும்மா."

"இன்னும் எடுத்துக்குங்க. வீட்ல பிள்ளைங்க இருக்கா?"

"ரெண்டு பேர்."

அம்மா உள்ளே போய் ஒரு பை கொண்டுவந்து கிண்ணத்தை அப்படியே அதில் கவிழ்த்தாள். "இன்னைக்கே குடுத்துருங்க. வச்சா கெட்டுப்போயிரும்," என்றாள். திரும்ப அறைக்குள் போய்த் தரையைக் கூட்ட ஆரம்பித்தாள். விளக்குமாறு ஈரத்தில் இழுபடும் சத்தம் வந்தது.

அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்துச் சீட்டை நிரப்பினார். கட்டில் ஒன்று, மெத்தை ஒன்று, கைப்பிடி இரண்டு. 'பொருளின் நிலை' என்ற இடத்தில் 'நன்று' என்று எழுதி அவளிடம் நீட்டினார். அவர் பிடித்திருந்த மூலையில் கட்டைவிரல் ரேகை ஊதா நிறத்தில் பதிந்திருந்தது.

"அடடா. கறையாயிடுச்சு. வேற சீட்டு எழுதித் தரவாம்மா?"

"பரவால்ல," என்றாள்.

கையெழுத்துப் போடும் இடம் அந்த மூலையில்தான் இருந்தது. அவள் பேனாவை எடுத்து எழுதினாள். ஈரத்தில் மை கொஞ்சம் பரவியது.